காலண்டர் தாளின் பின்பக்கம்

உங்கள் வீட்டிலோ, மேல் மாடியிலோ, எதிர் ஃபிளாட்டிலோ “லீவுக்கு மட்டும்” என்று வந்து நிற்கிற சிறுமி எத்தனையாம் வகுப்புப் படிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? பெயர் தெரிந்திருக்கும். சாயா நன்றாகப் போடுவாள் என்பது தெரிந்திருக்கும். குழந்தை அவள் ஊட்டினால்தான் சாப்பிடும் என்று நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லியிருப்பீர்கள். வகுப்பு தெரியுமா?

மட்டாஞ்சேரியில் பாண்டிச்செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவள். வந்து பதின்மூன்று வருஷம். விடிகாலையில் கூவப்பாடத்தில் ஒரு ஃபிளாட்டில் பாத்திரமும் தரையும். ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை. கணவன் இசக்கிதுரை காக்கநாட்டில் கட்டட வேலை. அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் வருவான். குடியிருப்பு, பழைய மிளகுக் கோடவுனுக்கு மேலே ஓர் அறை. மேலே ஷீட்டுக் கூரை. ஏப்ரலில் அந்த அறைக்குள் நின்றால் தலைக்கு மேல் யாரோ தோசைக்கல்லைப் பிடித்திருப்பது போல இருக்கும்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் இசக்கிசெல்வி, ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குப் போக வேண்டியவள். இளையவளுக்கு எட்டு வயது. மூத்தவளைத் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போய்ப் பெற்றாள்; இவள் கொச்சியிலேயே பிறந்தவள் என்பதால் கொச்சிக்காரப் பெயராக அஞ்சனா என்று வைத்தார்கள்.

பெரிய லீவு வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்பது, பகலில் வீட்டில் ஆள் இருக்கிற குடும்பங்கள் சொல்லிக்கொள்வது. பாண்டிச்செல்விக்குப் பள்ளிக்கூடம் மூடினால் மதியச் சோறு மூடியது என்று பொருள். பிள்ளைகள் மேல் ஒரு பெரியவரின் கண் இருந்ததே, அதுவும் போயிற்று. போன வருஷம் இரண்டு மாதம் சும்மா இருந்ததில் இசக்கிசெல்விக்கு வகுத்தல் மறந்து போய், ஜூன் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அது கூடப் பரவாயில்லை. பக்கத்துச் சந்தில் செல்வலட்சுமி என்றொரு பெண். அதே ஏப்ரலில் எர்ணாகுளத்தில் ஒரு வீட்டுக்கு லீவுக்கு மட்டும் என்று போனாள். பள்ளிக்கூடம் திறந்தது. அவள் வரவில்லை. இன்று வரை வரவில்லை.

“எம்பிள்ள ஜூன் மாசம் கிளாஸ்ல இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்” என்று பாண்டிச்செல்வி அன்றைக்கே சொல்லிவிட்டாள். இந்தக் கதையில் பணயம் அது ஒன்றுதான்.

அதனால் இந்த வருஷம் மார்ச் முடியும்போதே சட்டம் போட்டாள். கையிலிருந்த ஒரே ஃபோன் அவளோடு வேலைக்குப் போய்விடும். சுவர்க் கடிகாரம் நின்று ஒரு வருஷமாகிறது. ஆனால் மட்டாஞ்சேரி கடிகாரம் இல்லாதவர்களையும் கைவிடாது. பள்ளிவாசலில் நண்பகல் வாங்கு கேட்டால் கணக்கை மூடிவிட்டுச் சோறு. கீழே கோடவுன் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால் வாய்ப்பாடு. சாயங்காலம் அவள் காய் நறுக்கும்போது அஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்து மலையாளப் பாடப்புத்தகத்திலிருந்து பத்து வரி உரக்க வாசிக்க வேண்டும். மூத்தவளுக்குக் காலண்டர்.

மளிகைக் கடை சங்கரலிங்கம் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த தமிழ் நாட்காட்டி அது. தினம் ஒரு தாள் கிழிப்பது. முன்பக்கத்தில் தேதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம். பின்பக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் அன்றைக்கு நடந்ததோ படித்ததோ, எட்டு வரி இசக்கிசெல்வி மலையாளத்தில் எழுத வேண்டும். எழுதாமல் அன்றைய தாள் ஆணியை விட்டு இறங்காது. எழுதிய தாளைக் கடைகளில் பில் குத்துவார்களே, அது போன்ற ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள். பேனா கூடாது, மை முன்பக்கம் தெரியும். பென்சில்தான்.

பாண்டிச்செல்வி தமிழில் ஐந்தாம் வகுப்பு. மலையாளம் பேசுவாள், சண்டையே போடுவாள். ஓர் எழுத்து வாசிக்க வராது. பிள்ளைகளுக்கோ மலையாளம்தான் எழுத்து. தாள் ஒன்றுதான். முன்பக்கம் தாய்க்குத் தெரியும், பின்பக்கம் மகளுக்குத் தெரியும். ஆகவே அவள் திருத்துவதற்கு ஒரு முறை கண்டுபிடித்தாள். வரி எட்டு இருக்கிறதா, எழுத்து ஓரம் தாண்டுகிறதா என்று பார்ப்பாள். ரப்பர் வைத்து அழித்த இடம் இருந்தால் சந்தோஷப்படுவாள். அழித்திருந்தால் யோசித்து எழுதியிருக்கிறாள் என்று அவள் கணக்கு.

இரண்டு வாரம் நன்றாக நடந்தது. காலையில் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். பதினைந்தாம் நாள் மாலை வந்து சாவியைத் திருப்பினாள். சாவி பாதியாக ஒடிந்து பூட்டுக்குள் நின்றுவிட்டது. உள்ளே ஷீட்டுச் சூடு. அஞ்சனா அழுகிறாள். “அம்மே, வெள்ளம் கழிஞ்சு” என்று மூத்தவள் கத்துகிறாள், குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கோடவுனில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் கம்பியால் தாழ்ப்பாளை நெம்பி எடுக்கும்வரை அரை மணி நேரம். அதற்குப் பிறகு பாண்டிச்செல்வியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோறு வடிக்கும்போது எழுந்து போய்க் கதவைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு தீக்குச்சி உரசினால் கூட ‘பூட்டியிருந்தால்?’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மறுநாள் காலை கூவப்பாடத்து ஃபிளாட்டில் இதைச் சொன்னாள். அந்த வீட்டுக்காரி அம்ருதா, பரம்பரையாகக் கொச்சியிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். கணவர் சுதீர் கப்பல் கம்பெனியில், ஆறு மாதம் கடலில். பத்து வயதில் அபிராம் என்று ஒரு பையன், ஒன்றரை வயதில் ஒரு கைக்குழந்தை. அம்ருதாவுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. பாண்டிச்செல்வி ஊரில் எல்லாரையும் சேச்சி என்பாள், அம்ருதாவை மட்டும் அக்கா என்பாள். ஒரே பாஷை. அந்த ஒரு சொல்லில் அவள் எவ்வளவு நம்பிக்கையைப் போட்டு வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

“பூட்டிட்டு வரயா? என்ன தைரியம் நோக்கு!” என்றாள் அம்ருதா. “பெரியவளை இங்கே அனுப்பு. அபிராமுக்கு மத்தியானம் இங்கிலீஷ் ஆன்லைன் கிளாஸ் இருக்கு, அவளும் கூட உக்காந்துக்கட்டும். ஏ.சி. இருக்கு, புஸ்தகம் இருக்கு. குழந்தையை ஒண்ணு நோக்கிண்டா போறும்.”

“வேலைக்கெல்லாம் விட மாட்டேன் அக்கா.”

“வேலையா? யாரு சொன்னா வேலைன்னு? லீவுக்கு மட்டும்தானே. புதன்கிழமை வரட்டும். ராகு காலம் பன்னண்டுக்கு, அதுக்கு முன்னாடி வந்துட்டா நல்லது.”

செல்வலட்சுமியை நினைக்காமலில்லை. ஆனால் செல்வலட்சுமி வேலைக்குப் போனாள், இவள் படிக்கப் போகிறாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலண்டரைப் பார்த்தாள். ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. சரிதான். விஷு கழிந்து வந்த புதன்கிழமை, கேடு வரும் நேரத்தைக் கவனமாக ஒதுக்கிவிட்டு, பத்து மணிக்கு இசக்கிசெல்வி அந்தப் படியேறினாள். தாய் அந்த நேரம் ஹோம்ஸ்டேயில் விரிப்பு பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு பிள்ளையை மட்டும் கூட்டி வர அங்கே அனுமதி கிடைத்திருந்தது; அஞ்சனா, துவைக்கிற கல் பக்கத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் மாலை நான்கு மணிக்குத் திரும்பினாள். பிறகு ஐந்து. மே பிறந்ததும் ஏழு. “அக்காவுக்கு மீட்டிங்” என்பாள். சாப்பிடும்போதே கண் சொருகும். ஆனாலும் எட்டு வரி எழுதுவாள். தாய் கேட்டால், “கிளாஸ் நல்லாயிருக்கு” என்பாள். பாண்டிச்செல்வி தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பாள். “எழுத்து முத்து முத்தா இருக்கு பாரு” என்பாள். ஒரு நாள் தாளில் அழித்து அழித்து நடுவில் ஓட்டையே விழுந்திருந்தது. அன்றைக்கு வரியைக் கூட எண்ணாமல் மகள் தலையைத் தடவிக் கொடுத்தாள். இவ்வளவு யோசித்திருக்கிறாளே!

இருந்தாலும் மனம் அடங்கவில்லை. சனிக்கிழமை வந்த இசக்கிதுரையிடம், “அவ எடது தோளு எறங்கினாப்ல இருக்கு, கவனிச்சியா?” என்றாள்.

“வளருற பிள்ள. நீ பூட்டிட்டுப் போனாலும் பயம், அனுப்பிச்சாலும் பயம். உனக்குப் பயப்படுறதுக்கே தனியா ஒரு சம்பளம் குடுக்கணும்.”

“உன்ன மாரி வாரத்துக்கு ஒரு நா வந்து பாத்தா எனக்கும் ஒண்ணும் தெரியாது.”

அவன் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

மழை இந்த முறை ஒரு வாரம் முன்னதாக வந்தது. மே கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஷீட்டு ஒழுகி அஞ்சனாவின் பாடப்புத்தகம் தொப்பலாக நனைந்துவிட்டது. அன்று ஹோம்ஸ்டேயில் விரிப்பு காயப்போட வழியில்லாததால் பாண்டிச்செல்வி நான்கு மணிக்கே வீட்டில். அஞ்சனாவுக்கு ஒரே குஷி.

“அம்மே, இன்னு வாசிக்கண்ட. புஸ்தகம் இல்ல.”

“ஏட்டி, புஸ்தகம் நனைஞ்சா நாக்கும் நனைஞ்சு போச்சா? அக்கா எழுதினதை எடுத்து வாசி.”

கம்பியிலிருந்து மேல் தாளை உருவிக் கொடுத்தாள். முந்தின நாள் தாள். அஞ்சனா எழுத்துக் கூட்டினாள்.

“கு... ஞ்... ஞு. குஞ்ஞு. குஞ்ஞு இன்னலெ... உற... உறங்ஙியில்ல.”

குழந்தை நேற்றுத் தூங்கவில்லை. பாண்டிச்செல்வி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத பாஷை காதுக்கு நன்றாகத் தெரியும். அஞ்சனா திக்கித் திக்கி வாசித்ததைத் தமிழில் சொன்னால் இப்படி:

“இன்றும் தூங்கவில்லை. மூன்று மணி நேரம் தூக்கி வைத்திருந்தேன். இடது கை வலிக்கிறது. அக்கா ஃபோனில் பேசினார். இந்தக் குட்டி நன்றாகப் பழகிவிட்டாள், ஜூனிலும் விடப் போவதில்லை, இவள் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஒரு வருஷம் படிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார்.”

கத்தி நின்றது.

“அடுத்தது.”

“எட்டு வரியும் கழிஞ்சு அம்மே.”

“அடுத்தது வாசிட்டீ!”

கம்பியில் மேலிருந்து கீழே போகப் போக நாட்கள் பின்னால் போயின. அபிராமின் ஷூ கழுவினேன். அபிராமுக்கு இன்று நீச்சல், நான் டவல் எடுத்துக்கொண்டு போனேன். துணி மடித்தேன். நூடுல்ஸ் செய்தேன், கையில் சூடு பட்டது. ஆன்லைன் வகுப்பில் நான் உட்காரக் கூடாதாம், கேமராவில் தெரிகிறதாம். நடுவில் ஓட்டை விழுந்த அந்தத் தாளில் ஒரே வரிதான் மிச்சமிருந்தது: அம்மாவிடம் சொன்னால் அம்மாவுக்கு வேலை போய்விடும். அதற்கும் கீழே ஏப்ரல் மாதம். புத்தகம் வாசிக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போன நாட்களில் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் புதன்கிழமை: இந்த வீட்டில் ஏ.சி. இருக்கிறது. அபிராம் ஒரு புத்தகம் காட்டினான், நாளை வாசிக்கத் தருவான்.

அஞ்சனா நிமிர்ந்து, “அம்மே, இது பாடமா?” என்று கேட்டாள்.

அந்தப் புதன்கிழமைத் தாளைத் திருப்பிப் பாருங்கள். ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. எங்கோ இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு பாம்பு என்றைக்கு எத்தனை மணிக்கு நமக்குக் கேடு செய்யும் என்று நிமிடக் கணக்காகச் சொல்கிறோம். பக்கத்தில் இருக்கிற படித்த மனிதர் காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை ஒரு குழந்தைக்குச் செய்கிற கேடு எந்த நாட்காட்டியிலும் வருவதில்லை. அது தாளின் பின்பக்கத்தில், பென்சிலில், கிட்டத்தட்ட நாற்பது நாள் எழுதப்பட்டு, பெற்ற தாயின் கையாலேயே கம்பியில் குத்தப்பட்டிருந்தது. ராகு ஒன்றும் செய்யவில்லை. மனிதர்கள் செய்தார்கள்.

பாண்டிச்செல்வி அடுப்பை அணைத்தாள். கம்பியோடு தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அஞ்சனாவை இழுத்துக்கொண்டு மழையில் நடந்தாள்.

கதவைத் திறந்த அம்ருதா, “என்ன மழையிலே? அவ ஏழு மணிக்கு வந்துடுவாளே” என்றாள். கூடத்தில் இசக்கிசெல்வி நின்றுகொண்டிருந்தாள். இடது இடுப்பில் குழந்தை. அபிராம் சோபாவில் சாய்ந்து டேப்லெட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தான். ஃபிரிட்ஜ் கதவில் அவனுடைய லீவுக்கால அட்டவணை, நான்கு கலரில். பாண்டிச்செல்வி தினமும் காலையில் துடைக்கிற ஃபிரிட்ஜ்.

“எனக்கு மலையாளம் வாசிக்க வராதுல்லா அக்கா. எம்பிள்ள எழுதினது. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க.”

அம்ருதா சிரித்தபடி வாங்கினாள். ஒரு வரி உரக்க வாசித்தாள். அடுத்த வரியில் நிறுத்தினாள். தாளை மடித்தாள்.

“குட்டி ஏதோ கற்பனையிலே எழுதியிருக்கா.”

“அப்படியா அக்கா? நல்ல கற்பனைதான். அடுத்ததையும் வாசிங்க. அபிராமும் கேக்கட்டும், லீவுல அவனுக்கும் கதை வேணும்லா.”

அபிராம் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: “கற்பனை இல்லேம்மா. கேமராலே காணறது, அவளை எழுந்துக்கச் சொல்லுன்னு நீதானே சொன்னே.”

“நீ சும்மா இருடா!” அம்ருதா முகம் சிவந்தாள். “பாண்டிச்செல்வி, நான் அவளுக்கு ஒரு குறை வச்சேனா? புது டிரஸ் எடுத்துக் குடுத்தேன். நாங்க சாப்பிடறதைத்தான் அவளும் சாப்பிட்டா. என் குட்டி மாதிரியாக்கும் பாத்துண்டேன்.”

“உங்க குட்டி மாதிரின்னா அந்த ஃபிரிட்ஜ்ல அவ பேருக்கும் ஒரு தாளு ஒட்டியிருக்கணும் அக்கா.”

அம்ருதா அந்த அட்டவணையைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு வருஷம் படிக்காட்டி ஒண்ணும் ஆகாதுன்னீங்களாமே. அப்போ அபிராம் நிக்கட்டும். அவன் தங்கச்சிதான? அவனே தூக்கி வச்சுக்கிடட்டும்.”

“நான் என்ன பண்ணுவேன்? அவரோ கடல்லே. எனக்கோ நாள் முழுக்க மீட்டிங். ஆள் கிடைக்க மாட்டேங்கறா!”

அம்ருதாவின் நெருக்கடி பொய்யில்லை. கைக்குழந்தையோடு தனியாக வேலை பார்க்கும் பெண்ணை இந்த நாடு என்ன பாடுபடுத்துகிறது என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஆள் கிடைக்கும். வளர்ந்த ஆள் கிடைக்கும். அவர்கள் சம்பளம் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கேட்பார்கள், கை வலித்தால் வாய்விட்டுச் சொல்வார்கள். கிடைக்காதது, சொல்லாமல் சுமக்கிற ஆள். அதற்குத்தான் பதினொரு வயது தேவைப்படுகிறது.

“எறக்கி வையிட்டீ” என்றாள் பாண்டிச்செல்வி.

இசக்கிசெல்வி குழந்தையைத் தரையில் விட்டாள். அது வீறிட்டது. அவள் கை தானாகத் திரும்பக் கீழே போயிற்று. தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த வேலை இல்லை. அந்தக் கட்டடத்தில் வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. “அவள் வாயாடி” என்ற சேதி அவளுக்கு முன்பே மாடியேறியிருந்தது. சனிக்கிழமை வந்த இசக்கிதுரை, “ஒரு வார்த்த கேட்டுட்டு விட்டிருக்கலாம்ல” என்றான். மகளின் தோளைப் பார்த்தான். பிறகு கேட்கவில்லை. ஹோம்ஸ்டேயில் கெஞ்சிக் கேட்டதில், பிள்ளைகள் இருவரும் இப்போது துவைக்கிற கல் பக்கத்தில். மீதியிருந்த ஒன்பது நாளில் இசக்கிசெல்வி வகுத்தல் கணக்கு போட்டுத் தள்ளினாள். தாளில் எட்டு வரியும் எழுதினாள். ஒரே மாற்றம், தினமும் அதை அஞ்சனா உரக்க வாசித்த பிறகுதான் கம்பியில் குத்துவார்கள்.

ஜூன் இரண்டாம் தேதி பாண்டிச்செல்வி அரை நாள் லீவு போட்டாள். இருவரையும் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். மணி அடித்தும் நகரவில்லை. ஏழாம் வகுப்பு ஜன்னலில் மகளின் பின்னல் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். தெரிந்தது. வாட்ச்மேன் வந்து, “போய்க்கோ சேச்சி, குட்டி ஓடிப் போகாது” என்றான்.

அவள் பணயம் ஜெயித்தது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அடுத்த வாரம் ஹோம்ஸ்டேக்குச் சோப்புத்தூள் வாங்கிவரக் கூவப்பாடம் வழியே போகும்போது பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு சிறுமி. இவள் மகளை விடச் சின்னவள். இடது இடுப்பில் அதே குழந்தை. பகல் பதினொரு மணி. ஊரில் எல்லாப் பள்ளிக்கூடமும் திறந்தாகிவிட்டது.

பாண்டிச்செல்வி கீழே செக்யூரிட்டியிடம் போய், “மூணாவது மாடிக் குட்டி எத்தனையாம் கிளாஸ்?” என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. லிஃப்டில் வந்த ஒரு மாமியைக் கேட்டாள். தெரியவில்லை. காய்கறி வண்டிக்காரனைக் கேட்டாள். அவன் அந்தச் சிறுமியைத் தினமும் பார்க்கிறான், பெயர் கூடத் தெரியும், வகுப்பு தெரியவில்லை. அவள் நேரே மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் அவள் கண் முன்னாலேயே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஃபோன் செய்தார்.

அந்தச் சிறுமி வகுப்புக்கு வந்தாளா என்று பாண்டிச்செல்விக்கு இன்னும் தெரியாது. தினமும் அண்ணாந்து பார்க்கிறாள். சில நாள் பால்கனியில் துணி மட்டும் இருக்கிறது, சில நாள் ஒன்றுமில்லை.

வேலையை இழந்த ஒருத்தி தெருவில் நின்று மூன்று பேரிடம் கேட்ட கேள்வி அது. அதைக் கேட்பதால் நீங்கள் இழக்கப் போவது அவ்வளவு கூட இல்லை. இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். மேல் மாடியோ, எதிர் ஃபிளாட்டோ, உங்கள் சொந்தச் சமையலறையோ, அங்கே நிற்கிற அந்தப் பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்: “நீ எத்தனையாம் கிளாஸ்?” அவள் பதில் சொல்வதற்கு முன் வீட்டுக்காரர் பதில் சொன்னால், அந்த 1098-ஐ இன்றைக்கே அழையுங்கள்.